வாசலுக்கு மேலே கோப்பெருந்தேவி

வாசலுக்கு மேலே தொங்குவதாக இருந்தால் மாடி போர்ஷனை வாடகைக்குத் தருவதாக வைத்தியலிங்கம் சொன்னார். கோப்பெருந்தேவி அவகாசம் கேட்கவில்லை. கொக்கி கனம் தாங்குமா என்று மட்டும் கேட்டாள்.

"தாங்கும்மா. சீலிங் ஃபேனுக்குப் போடுற கொக்கி."

"சரிங்க சார்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வீடு தேடி அலைந்த அலைச்சல் அப்படி. முதலில் பார்த்த வீட்டில் அவளுடைய பூட்ஸைக் கண்டதும் கேட் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு குரல், "உங்களுக்குத் தோதுப்படாதுங்க" என்றது. இன்னொரு வீட்டில் மாடிப்படி ஏற ஏறப் படிகள் கூடிக்கொண்டே போயின. வீட்டுக்கார அம்மாள் மேலே நின்று "வாங்க, வாங்க" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கோப்பெருந்தேவி மேலே போய்ச் சேர்வதற்குள் வீடு வேறொருவருக்கு வாடகைக்குப் போய், அவர்களுக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது.

இத்தனைக்கும் அவள் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. பல் செட் செய்யும் லேபில் வேலை. முழங்கால் வரை ஏறும் பூட்ஸ், தரையைக் கூட்டும் கறுப்பு வலைத்துணிக் கவுன், கழுத்தில் ஆணி பதித்த தோல் பட்டை, மூக்கின் நடுத்தண்டில் ஒரு வளையம், உதட்டில் கறுப்புச் சாயம். தலையில் இடது பாதியை மழித்திருந்தாள். முழுத் தலையையும் மழித்திருந்தால் எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று அன்பாக விசாரித்திருப்பார்கள். பாதியோடு நிறுத்திக்கொண்டதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு இந்த உடுப்பு பிடித்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் தன்னைத்தான் பார்க்கிறோம் என்று தெரிந்தது. இதற்கு மேலும் காரணம் வேண்டுமென்கிறவர்கள் தங்கள் வேட்டிக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டு வந்து கேட்கலாம்.

தங்கியிருந்த பெண்கள் விடுதியிலும் கெடு முடிந்துவிட்டது. கொடியில் காய்கிற இவள் துணிகளைப் பார்த்துப் பார்த்து மற்றப் பெண்களின் துணிகளும் கறுத்துப் போகின்றன என்றார் வார்டன். அத்தாட்சியாக ஒரு கறுத்த தலையணை உறையையும் காட்டினார். அது நன்றாகவே இருந்தது.

வைத்தியலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இருந்த வீடுகளையெல்லாம் வரிசையாகப் பார்த்து, எல்லாவற்றையும்விட ஒரு சாண் உயரமாகத் தன் வீட்டைக் கட்டியிருந்தார். தெரு சும்மா இருக்குமா? போகிறவர் வருகிறவர் விட்ட பெருமூச்சில் புதுப் பெயின்ட் அப்பளம் அப்பளமாக உரிந்தது. படிகாரம் கட்டினார், கரைந்தது. எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார், யாரோ ஊறுகாய் போட்டுவிட்டார்கள். பூசணிக்காயில் வரைந்த பூதம் சில நாளிலேயே தெருவில் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டது. ஒருநாள் அது பால்காரரிடம் நலம் விசாரித்ததைக் கேட்ட பிறகு வைத்தியலிங்கத்துக்குத் தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில்தான் கோப்பெருந்தேவி வீடு கேட்டு வந்தாள்.

"உன்னப் பாத்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிருச்சும்மா" என்றார் வைத்தியலிங்கம், பரம சந்தோஷத்தோடு.

"எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு" என்றாள் அவர் மனைவி சகுந்தலா. "காப்பி குடிக்கிறியா?"

பிளாஸ்க் காப்பி வாசலுக்கே வந்தது.

"பால் காய்ச்சுற அன்னிக்கு வரைக்கும் தொங்குனாப் போதும்" என்றார் வைத்தியலிங்கம். "அன்னிக்கு மாடிச் சாவியக் கையில குடுத்துர்றேன். அப்புறம் உன் வீடு, உன் இஷ்டம்."

உன் வீடு என்ற சொல்லை அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதை அவர்கள் கவனிக்கவில்லை.

தொங்குவது நினைத்த அளவுக்குச் சிரமமாக இல்லை. இடுப்பில் கயிறு, கயிற்றுக்கு மேல் கொக்கி. காலையில் ஏறினால் தெருவிளக்கு எரியும்போது இறங்கி, கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். லேப்காரர்களுக்கும் ஆட்சேபம் இல்லை. வேலையைக் கூடையில் போட்டு மேலே அனுப்பினார்கள். அவள் தொங்கிக்கொண்டே பற்களை அரத்தால் ராவினாள். கையில் பல் வரிசையோடு அவளைப் பார்த்ததும் வைத்தியலிங்கம் எதிர்ச்சாரியில் போய் நின்று ஒரு தடவை ரசித்துவிட்டு வந்தார்.

பெயின்ட் உரிவது நின்றது.

அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவர் தமிழாசிரியர். பெண்ணுக்கு அரசியின் பெயரை வைத்துவிட்டு, பின்னால் நடந்தவற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்பதுபோல் இருந்துகொண்டவர்.

"தொங்குறியாமே?"

"ஆமாப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"தொங்குறதுதான் தொங்குற, ஒரு துப்பட்டா போட்டுக்கிட்டுத் தொங்கக் கூடாதாம்மா?"

தெரு மெல்ல அவளிடம் பழகியது. பக்கத்து வீட்டு நளினி, இவள் வந்த புதிதில், இப்படி ஒன்றைப் பெற்ற வயிறு எதுவோ என்று உரக்கவே பேசியவள். இப்போது தினமும் தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்து கோப்பெருந்தேவியின் பூட்ஸுக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. இடுப்பில் கறுப்புக் கயிறு, கையில் கறுப்பு வளையல்.

"பிள்ளைக்கு அழகா இருக்குங்க" என்றாள் கோப்பெருந்தேவி மேலேயிருந்து.

"நீ பேசாத. பேசுனா சக்தி போயிரும்" என்றாள் நளினி. "கொஞ்சம் முறைச்சுப் பாரு."

கோப்பெருந்தேவி முறைத்தாள். குழந்தை சிரித்தது.

எதிரே ஒரு டைல்ஸ் கடை. அதன் போர்டுக்கு மேலே பிரிட்டோ தொங்கிக்கொண்டிருந்தான். தலைமுடியைச் சேவல் கொண்டைபோல நடுவில் மட்டும் நிறுத்தி ஆரஞ்சு அடித்திருந்தான். கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். ஜாக்கெட்டில் நூறு ஊக்குகள்.

"நீங்க வீட்டுக்கா?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"ஆமா. நீங்க?"

"வேலைக்கு. சேல்ஸ்மேன் வேலை கேட்டு வந்தேன். கஸ்டமர் முன்னாடி நிக்க வேணாம், மேல இருங்கன்னாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"திறப்பு விழா வரைக்கும்."

"விழா எப்போ?"

பிரிட்டோ யோசித்தான். "முடிஞ்சிருச்சு. ரிப்பன் வெட்டுனாங்க, பாத்தேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு ஞாபகமில்ல." அவன் கயிற்றில் ஒரு சிலந்தி பெரிய குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தது. "கீழ கடை இருக்குல்ல? உள்ள எப்படி இருக்கும்?"

"தெரியலையே."

"எனக்கும் தெரியல" என்றான் அவன்.

அன்று கோப்பெருந்தேவிக்குப் பயம் வந்தது. வந்த பிறகு முதல் தடவையாக.

பால் காய்ச்சும் நாளுக்கு முந்தின மாலை சகுந்தலா ஒரு துணிக்கடைப் பையோடு வந்து கீழே நின்றாள். பையிலிருந்து கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சுடிதாரை எடுத்து உதறிக் காட்டினாள்.

"நாளைக்கு இத மாட்டிக்க. உதட்டத் தொடைச்சிரு. மூக்குல இருக்கறதக் கழட்டிரு. முடிய அந்தப் பக்கத்துலேருந்து இழுத்து வாரிப் பூ வச்சிட்டா மறைஞ்சிரும்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"சாவி வேணும்ல? இப்படியே உள்ள வந்தா நாலு சனம் என்ன சொல்லும்?"

"இப்படித்தானே இத்தன நாளு இருக்கேன்?"

"அது வெளியில." சகுந்தலா பொறுமையாக விளக்கினாள். "வெளியில இருக்கறப்ப உன் கறுப்பு. உள்ள வர்றப்ப இந்தப் பச்சை. பகல்ல எப்பவும்போல அதப் போட்டுக்கிட்டுத் தொங்கு. ராத்திரி இதப் போட்டுக்கிட்டு மாடிக்குப் போ. உனக்கு ரெண்டு செட்டாச்சுல்ல?"

"ஆன்ட்டி, பால் காய்ச்சுனதோட தொங்குறது முடிஞ்சிருதுன்னு சார் சொன்னாரு."

"சொன்னாரு" என்றாள் சகுந்தலா. சுடிதாரைக் கேட்டின் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

கோப்பெருந்தேவிக்குக் கோபம் வந்தது. சின்னக் கோபமில்லை. சுருங்கின கேட்டுக்கும் வளர்ந்த படிக்கும் வராமல் சேர்ந்து கிடந்ததெல்லாம் இந்தக் கிளிப்பச்சையைப் பார்த்ததும் மொத்தமாக வந்தது. கையிலிருந்த பல் செட் தானாக ஒரு தடவை கடித்துக்கொண்டது.

மறுநாள் காலை பந்தல், வாழைமரம், நாகஸ்வரம், உறவுக்காரர்கள். எல்லாரும் அவளை அண்ணாந்து பார்த்து, "ஏ அப்பா, தத்ரூபமா இருக்கு, எங்க வாங்குனீங்க?" என்று வைத்தியலிங்கத்தைக் கேட்டுவிட்டுப் பந்தலுக்குள் போனார்கள். சுடிதார் கேட்டின் மேலேயே கிடந்தது.

பிறகு பசு வந்தது. வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது அதுதான். ஒரு கொம்புக்குச் சிவப்பு, ஒரு கொம்புக்குப் பச்சை. கழுத்தில் மணி கோத்த தோல் பட்டை. மூக்கின் நடுத்தண்டைத் துளைத்துக் கயிறு. உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும் வட்ட வட்டமாக. வாலில் ஜரிகை. வந்தவர்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சகுந்தலா அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உள்ள வாம்மா, தாயே" என்றார் வைத்தியலிங்கம்.

பசு வாசல் வரைக்கும் வந்தது. அண்ணாந்து கோப்பெருந்தேவியைப் பார்த்தது. அவள் கழுத்துப் பட்டையைப் பார்த்தது, மூக்கு வளையத்தைப் பார்த்தது. பிறகு நின்றுவிட்டது.

தள்ளினார்கள். நகரவில்லை. வாழைப்பழம் காட்டினார்கள். தின்றுவிட்டு நின்றது.

"முகூர்த்தம் தாண்டறது" என்றார் புரோகிதர்.

"எதையோ பாத்து மிரளுது" என்றாள் நளினி.

"மிரளல" என்றான் பிரிட்டோ எதிர்ச்சாரியிலிருந்து. "காத்துக்கிட்டு இருக்கு."

கோப்பெருந்தேவி கயிற்று முடிச்சில் கை வைத்தாள். அது ரொம்பச் சாதாரண முடிச்சு. இழுத்ததும் அவிழ்ந்தது. இறங்கினாள். பந்தலில் நாகஸ்வரம் நின்றது. வாசலில் மாவிலைக்குக் கீழே தாம்பாளத்தில் பாலும் பாத்திரமும் டம்ளரும் தயாராக இருந்தன. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டாள். பூட்ஸோடு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

பசு அவள் பின்னாலேயே போனது.

யாரும் தடுக்கவில்லை. பசு கூட வருகிறதே, எப்படித் தடுப்பது? ஹால்தான் தன்னால் முடிந்ததைச் செய்தது. அவள் நடக்க நடக்க நீண்டது. பசுவின் பின்னால் நுழைந்த உறவுக்காரர்கள் இருபக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "பொம்மை நடக்குது", "பொம்மை இல்ல, பொண்ணு", "பொண்ணாவா இருக்கும்?" என்றார்கள். அவள் ஹால் நீளட்டும் என்று நடந்தாள். அவசரப்படவே இல்லை. ஹால் மூச்சு வாங்கிப் பழைய அளவுக்கு வந்து சேர்ந்தது.

மாடிப்படி ஏறினாள். பசுவும் ஏறியது.

"சாவி எங்கிட்டதான் இருக்கு!" என்று கீழேயிருந்து வைத்தியலிங்கம் கத்தினார். "சாவி இல்லாம எப்படிப் போவ?"

கதவு திறந்து கிடந்தது. புதுக் கதவு. அதற்குப் பூட்டே இன்னும் பொருத்தவில்லை. பூட்டுக்காக வெட்டி வைத்த ஓட்டை வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பசுவை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஒரே அறை, புது அடுப்பு வைத்த சின்னச் சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். சுவரில் ஆணிகூட அடிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

கதவுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பாலக் காய்ச்சிராத! காய்ச்சுனா குடியேறுனதா ஆயிரும்!" என்றார் வைத்தியலிங்கம்.

"அதுக்குத்தான் சார் காய்ச்சுறேன்."

"உதட்ட மட்டும் தொடைச்சிரும்மா. மத்தது இருக்கட்டும்" என்றாள் சகுந்தலா.

அவள் தீயைக் கூட்டினாள்.

"சரி, அந்தப் பட்டைய மட்டும்."

பாலில் ஆடை கட்டியது.

"பூட்ஸையாவது!"

பால் பொங்கி வழிந்தது. வெளியே யாரோ பழக்கதோஷத்தில் குலவையிட்டார்கள். உடனே அவர் வாயைப் பொத்தினார்கள்.

"நீ எறங்கிட்டியேம்மா" வைத்தியலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஊரே பாக்குது. இந்த வீட்டுக்கு யாரு இருக்கா?"

"நல்லாத்தான் சார் கட்டியிருக்கீங்க. பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

ஜன்னலைத் திறந்தாள். தெருவில் தலைகள். எதிரே, அவள் உயரத்துக்குச் சமமாகப் பிரிட்டோ.

"உள்ள எப்படிங்க இருக்கு?" என்று கேட்டான்.

"வீடு மாதிரி இருக்கு."

அவன் தன் கயிற்றைக் கையால் தடவி முடிச்சைத் தேட ஆரம்பித்தான்.

அவள் பாலை டம்ளரில் ஊற்றினாள். எவர்சில்வர் டம்ளர். சகுந்தலா என்று பெயர் வெட்டியிருந்தது. பூட்டு ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண் வந்து ஒட்டிக்கொண்டது. அது டம்ளரைப் பார்த்ததும் விரிந்தது.

"அண்ணாந்து குடி!" என்று சகுந்தலா அலறினாள். "எச்சில் பண்ணிராத! எங்க அம்மா வீட்டுச் சீரு அது!"

கோப்பெருந்தேவி வாய் வைத்துக் குடித்தாள். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும். விளிம்பில் கறுப்பாக, முழுசாக அவள் உதடு பதிந்திருந்தது. உதடு பதிந்த பக்கம் தெருவுக்குத் தெரியும்படி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள்.