வீங்கவில்லை

மூன்றாவது முறையும் உருண்டைகள் வீங்கவில்லை. ஆய்வகத்துப் பெண் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தை முறைத்தாள், ஏதோ அதுதான் காரியத்தைக் கெடுத்தது போல.

குடலின் உட்சுவரில், உப்பில் இருக்கும் குளோரைடுக்கென்று பொடிப் பொடிக் கதவுகள் உண்டு. கதவு திறந்து குளோரைடு போனால், தண்ணீரும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும். ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அந்தக் கதவுகள் பிறவியிலேயே திறக்காதவை. அவள் குடலிலும் நெஞ்சிலும் எல்லாம் பசையாய் இறுகிக் கிடந்தது. புது மாத்திரை அவளுக்குக் கேட்குமா என்று பார்க்கத்தான் இந்தப் பாடு. அவள் குடலிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கைத் தட்டில் உருண்டைகளாக வளர்த்து, மருந்து விட்டிருந்தார்கள். கதவு திறந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, ஒரு மணி நேரத்தில் உருண்டை உப்பிவிடும். இந்த மாத்திரை கேட்காவிட்டால் கையில் வேறு மாத்திரை இல்லை. ஊரே வீக்கம் என்றால் பயப்படும். இந்த அறையில் மட்டும் வீங்கினால் கேக் வெட்டுவார்கள்.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் சிறுமியின் அப்பா காலையிலிருந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்துப் பெண் அறைக் கதவைத் திறந்ததும் எழுந்துவிட்டார்.

"மேடம், என்னாச்சுங்க?"

அவள் மனம் இன்னும் தட்டிலேயே இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வீங்கலைங்க."

"அப்பாடா! வயித்துல பால வாத்தீங்க மேடம்!"

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவர் வீட்டுக்குப் போன் போட்டிருந்தார். "ஏம்மா, வீங்கலையாம்! பயப்பட ஒண்ணுமில்லையாம்!" இரண்டாவதை அவள் சொல்லவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை வருஷமாக இந்த வார்த்தையை இப்படித் தலைகீழாகப் புழங்கி வருகிறாள், வெளியில் ஒருவர் அதை நேராகக் கேட்பார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"சார், கொஞ்சம் இருங்க. நான் சொன்னது..."

"அப்பா," போனுக்குள் சின்னக் குரல் கேட்டது, "அப்போ எனக்கு அந்த மாத்திரை உண்டா?"

அவர் முகமெல்லாம் பல்லாகப் போனை நீட்டினார். "நீங்களே சொல்லுங்க மேடம். உங்க வாயால கேட்டா சந்தோஷப்படுவா."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் சிறுமி இருமிக்கொண்டிருந்தாள். அவள் இருமி முடியட்டும் என்று இவள் காத்திருந்தாள்.