படத்தில் இல்லாத கேள்வி

படத்தில் அவள் சிரிக்கும் இடம் நெருங்கினால் போதும், பேட்டரிக்கடைக்காரர் முன்பக்கம் குனிந்துகொள்வார். கடைசி வரிசையில், புரொஜெக்டருக்கு மின்சாரம் தரும் பேட்டரிக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலி. முழங்காலில் முழங்கையை ஊன்றியபடி, திரையில் தெரியும் தன் பெண்டாட்டியின் முகத்தை, களவுபோன பொருளை அடையாளம் காட்ட வந்தவர் மாதிரி உற்றுப் பார்ப்பார்.

காசநோயைப் பற்றிய படம் அது. ஐந்து நாடுகளில் எடுத்தது. ஒரு சுரங்கத் தொழிலாளி, ஒரு பள்ளி வாத்தியார், ஜெயிலில் இருக்கும் ஒருவர், ஒரு கப்பல் சமையல்காரர், கடைசியாக இவருடைய மனைவி. தையல் கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நோய் வந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, முழுசாகக் குணமானவள். படத்தில் அவள் வருவது கொஞ்ச நேரம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். யாரோ ஏதோ கேட்டதுபோல் முகத்தை லேசாகத் திருப்புவாள். பிறகு சிரிப்பாள். அப்படியொரு சிரிப்பு. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி சொல்வாள்: “இதை இதுவரைக்கும் யாருமே எங்கிட்ட கேட்டதில்ல.”

அவ்வளவுதான். அடுத்து அவள் கைகள் சட்டை மடிப்பதைக் காட்டுவார்கள், படம் வேறு பக்கம் போய்விடும். என்ன கேட்டார்கள் என்பது படத்தில் கிடையாது. கேட்டவனின் குரலை வெட்டிவிட்டார்கள். இந்த மாதிரிப் படங்களில் அப்படித்தான் செய்வார்கள் என்று, ஊர் ஊராகப் படத்தைக் கொண்டுபோய்ப் போடும் நர்ஸம்மா விளக்கினார். பேட்டரிக்கடைக்காரர் தலையாட்டினார். வயிறு எரிந்தது.

கேட்டவன் யார் என்பதும் தெரிந்த விஷயம்தான். படமெடுக்க வந்த அந்தக் குடுமிக்காரன். தோளில் ஒரு பை, கழுத்தில் ஒரு துண்டு, ஆணா பெண்ணா என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாத முடி. ஒரே ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். இவர் கடையில் இருந்தார். திரும்பி வரும்போது காலி டீ கிளாஸ்கள் மட்டும் இருந்தன.

இவர் மட்டும் என்ன குறை வைத்தார்? நோய் வந்த ஆறு மாதமும் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனது யார்? தட்டு டம்ளரையெல்லாம் வெந்நீரில் கழுவியது யார்? காலையில் கண் விழித்ததும் “மாத்திரை போட்டாச்சா?” என்று ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டது யார்? அப்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு புன்னகைக்குக்கூட வழியில்லை. எங்கிருந்தோ வந்த ஒருத்தன் ஒரே கேள்வியில் அவளைச் சிரிக்க வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. அதற்கப்புறம் எங்கே போனது என்று இவர் தேடவும் இல்லை, அது வேறு விஷயம்.

முதல் தடவை படம் பார்த்துவிட்டு வந்த அன்றே கேட்டுவிட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, பெரிய அக்கறை இல்லாதவர் மாதிரி, அவன் அப்படி என்னதான் கேட்டான் என்றார். அவள் இவரையே சிறிது நேரம் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பவள் மாதிரி.

“நீங்களே யோசிச்சுப் பாருங்க,” என்றாள்.

இரண்டாவது தடவை கேட்க கௌரவம் இடம்கொடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தார். உன் புருஷன் உன்னை நன்றாக வைத்திருக்கிறானா என்று கேட்டிருப்பான். நீங்கள் ரொம்ப அழகு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டிருப்பான். குடுமி வைத்தவன் எதையும் கேட்பான். யோசிக்க யோசிக்கக் கேள்விகள் பெருகினவே தவிர, ஒன்றும் அந்தச் சிரிப்புக்குப் பொருந்தவில்லை.

ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் போக ஆரம்பித்தார். அவளுக்கு முன்னால் அசிங்கப்படாமல் போவதற்கு ஒரு வழியும் கிடைத்தது. படம் போடும் இடங்களில் பாதிக்கு மேல் கரன்ட் நம்ப முடியாது. நம்ம கடையில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சும்மாதானே கிடக்கின்றன, நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன், காசெல்லாம் வேண்டாம் என்றார். நர்ஸம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. போகிற இடமெல்லாம், நோயை ஜெயித்த அம்மாவையும் மேடையேற்றி, சமூக சேவையில் இறங்கிவிட்ட அவருடைய கணவரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். சமூக சேவகர் எழுந்து கும்பிட்டுவிட்டு, மறுபடி குனிந்து, சிரிப்புக்காகக் காத்திருப்பார்.

கல்லூரியில் பார்த்தார், ஆலை கேன்டீனில் பார்த்தார், மார்க்கெட் சங்கத்துக் கட்டடத்தில் பார்த்தார். சிரிக்கும்போது அவள் கண் எந்தப் பக்கம் போகிறது என்பது மனப்பாடம். சுரங்கத் தொழிலாளி எதற்கு அழுகிறார், படத்தில் வரும் டாக்டர் எதைச் சுட்டிக்காட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

வீட்டில் பேச்சும் குறைந்துபோனது. கோபத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்அறைக்குப் போய்விட்டார். காரணம் கேட்டதற்கு, ஆசிட் வாடை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, உனக்கெதற்குத் தொந்தரவு என்றார். பேட்டரிக்கடை என்றால் ஆசிட் இருக்கும், ஆசிட் இருந்தால் தொண்டை கமறும், கமறினால் இருமல் வரும். தொழில் அப்படி. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. மனவருத்தத்தில் யாருக்குத்தான் உடம்பு இளைக்காது? அவளுக்கு நோய் வந்தபோதே இவரையும் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் என்ன.

நர்ஸம்மாவுக்கு வேறொரு கவலை. சுரங்கத் தொழிலாளி இருமும் காட்சியில் சத்தம் இரண்டிரண்டாகக் கேட்கிறது, அவர் இருமி முடித்த பிறகும் ஸ்பீக்கர் இருமுகிறது என்றார். பேட்டரிக்கடைக்காரர் ஒயரைப் பிடுங்கித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த காட்சியிலும் அப்படியே இருந்தது. பழைய ஸ்பீக்கர், வேறு வாங்குங்கள் என்று ஆலோசனையும் சொன்னார்.

பஸ் டிப்போவில் படம் போட்ட அன்று குடுமிக்காரனே வந்துவிட்டான். டிரைவர்களும் கண்டக்டர்களும் ஓய்வறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். “அக்கா, நல்லா இருக்கீங்களா?” என்றான். அவளும் முகமெல்லாம் பல்லாக ஏதோ சொன்னாள். இவர் பேட்டரி கிளிப்பைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டப்போய், நல்லவேளை, கடைசி நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டார்.

இன்றைக்கு விடுவதில்லை என்று முடிவு செய்தார். சபை நடுவில் கேட்டுவிடுவது. அவன் வாயாலேயே வரட்டும். கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் ஊரே பார்க்கட்டும், அவளும் இனி மேடை ஏறமாட்டாள்.

படம் முடிந்தது. அவள் எழுந்து, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். “ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கறவங்க கை தூக்குங்க. வெட்கப்படாதீங்க, நானும் மறைச்சவதான்.” யாரும் தூக்கவில்லை. பிறகு நர்ஸம்மா, படம் எடுத்தவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

பேட்டரிக்கடைக்காரர் கையைத் தூக்கிவிட்டார். மைக் கை மாறி கை மாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. எழுந்து நின்றார். திட்டமிட்ட வாக்கியம் தயாராக இருந்தது. என் மனைவியிடம் நீங்கள் கேட்டது என்ன? வாயைத் திறந்து, மூச்சை இழுத்தார்.

வந்தது இருமல். மைக்கில் வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு இருமினார். நர்ஸம்மா வழக்கம்போல் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

அவள் மேடையிலிருந்து இறங்கி, கால்களையும் நாற்காலிகளையும் தாண்டி, நேராக அவரிடம் வந்தாள். மைக்கை வாங்கி அணைத்தாள்.

“எத்தனை நாளா?”

“ஆசிட் புகை. அது வந்து...”

“எத்தனை நாளா?”

அவள் கை அவருடைய பெல்ட்டின் புது ஓட்டையில் பட்டு, அங்கேயே நின்றது. டிரைவர் ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நர்ஸம்மா ஒரு மாஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். குடுமிக்காரன் பேட்டரியைக் கழற்றி, சுருட்டத் தெரியாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். அடுத்த நாள் முடிவு வந்தது. இருந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். திரையில் இன்னொரு டாக்டர் அதே வார்த்தைகளை அத்தனை ஊரில் சொன்னபோதும் கடைசி வரிசையில் ஒருத்தர் காதில் விழவே இல்லை.

மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே, வெளி நடையில், காற்றோட்டமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் மாத்திரை அட்டைகள். அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவர் பக்கமாக.

“பயமா இருக்கா உங்களுக்கு?”

எனக்கென்ன பயம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். என்ன ஏது என்று தெரிவதற்குள் சிரித்துவிட்டார். சிரித்ததில் கண் நிறைந்துவிட்டது. துடைக்கப் போன கை பாதியில் நின்றது. இந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். குனிந்து குனிந்து பார்த்த சிரிப்பு.

“இதுதானா?” என்றார். “அவன் கேட்டது இதுதானா?”

அவள் தலையாட்டினாள்.

“நானும் தினமும் கேட்டேனே. மாத்திரை போட்டாச்சான்னு.”

“கேட்டீங்க. ஒரு நாள்கூட விடாம கேட்டீங்க.”

அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. குடுமிக்காரன் மேல் இருந்த பொறாமை அப்போதும் போகவில்லை. முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது. தான் கேட்டிருக்க வேண்டியதை அல்லவா அவன் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். நோய் வந்த அந்த ஆறு மாதத்தில் பக்கத்து அறையில் அத்தனை ராத்திரி அவள் விழித்துக் கிடந்திருக்கிறாள், இவர் டம்ளரை வெந்நீரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். ஜன்னலில் யார் பெயரையோ கூப்பிட்டார்கள், யாரோ எழுந்து போனார்கள்.

“ஏம்மா,” என்றார். “உனக்கு அப்போ பயமா இருந்துச்சா?”

அவள் திரும்பி நேராக அவரையே பார்த்தாள்.

“இப்பவா கேக்கறீங்க?” என்றாள். அந்தச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரோடு. “சொல்றேன். நிறைய இருக்கு. முதல்ல அந்த மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க.”

அவர் ஏற்றிக்கொண்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.