வீட்டுக்கு வந்த நூறாவது ஆர்க்கிட்

செலாயாங் காட்டின் நூறாவது ஆர்க்கிட், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நகரத்துக்குள், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு நடந்தே வந்து சேர்ந்தது. ஆற்றோரமாக ஒன்பது நாள் நடந்திருக்கிறது. வேரெல்லாம் சேறு, தண்டில் நூறு என்று பொறித்த தகடு. லிஃப்ட் அன்றைக்கும் பழுது என்பதால் ஐந்து மாடியும் படியேறித்தான் வந்திருக்க வேண்டும். சாந்தமேரியின் துணி காயவைக்கும் கம்பத்தைப் பற்றிக்கொண்டு, அசதி தீரும்வரை சும்மா தொங்கியது.

தப்பு சாந்தமேரியுடையதுதான். ரயில்வேக் குடும்பத்துப் பெண். யாரிடம் விடைபெற்றாலும் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் காட்டில் மூன்று வருடமாக ஆர்க்கிட் வகைகளைக் கணக்கெடுத்தவள், மரமேறி ஒவ்வொரு செடிக்கும் தகடு கட்டிவிட்டு இறங்கும்போதும் அதையேதான் சொன்னாள். தொண்ணூற்றொன்பது வகைகளுக்கு அது வெறும் உபசார வார்த்தை என்று தெரிந்திருந்தது. நூறாவது மட்டும் நம்பிவிட்டது.

வம்பு என்னவென்றால், எல்லாரும் காத்திருந்ததே அந்த நூறாவதுக்குத்தான். பூக்காத ஆர்க்கிட் இன்னதென்று உறுதியாகாது, உறுதியாகாதது பட்டியலில் ஏறாது. வெள்ளிக்கிழமைக்குள் நூறு வகை தேறினால் காட்டின் கீழ்ப்பள்ளத்தாக்கு பிழைக்கும். இல்லாவிட்டால் அதன் வழியே நெடுஞ்சாலை போகும். மூன்று வருடம் மொட்டே விடாத அந்த அழுத்தக்காரி, பக்கத்து வீட்டுத் தங்கமணி ஆன்டி அரிசி களைந்த தண்ணீரைத் தெளித்ததும், மறுநாளே ஏழு மொட்டு விட்டாள். சாந்தமேரி போட்ட கூச்சலில் கீழே ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தவர் மாவை நழுவவிட்டார்.

கணக்கெடுப்புக் குழுத் தலைவர் கமலநாதன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். மொட்டுகளைப் பார்த்துத் துள்ளியவர், அடுத்த நொடியே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காட்டு எல்லைக்கு வெளிய பூத்தா லிஸ்ட்ல சேராது லா மேரி. திருப்பித் தூக்கிட்டுப் போகவும் பெர்மிட் வேணும். அதுக்கே மூணு மாசம் ஆகும்."

"நான் தூக்கிட்டு வரல சார். அதுவா வந்துச்சு."

"அதுக்கு ஃபாரம் இல்லியே!"

வியாழக்கிழமை சாந்தமேரி செலாயாங் போய்க் காட்டின் எல்லைக் கல் முன்னால் நின்றாள். செடிகளை மட்டும் அழைத்துவிட்டுக் காட்டை அழைக்காததுதான் முறைகேடு என்று அவளுக்குப் பட்டிருந்தது. பயம் இருந்தது, ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோலக் கைகூப்பி, "எல்லாரும் குடும்பத்தோட வந்துடணும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அந்த எல்லைக் கல் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் வாசலைத் தாண்டி நின்றது. ஆற்றோரம் முழுக்கக் காடு வந்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் பெரணி, தண்ணீர்த் தொட்டிமேல் இருவாச்சிப் பறவை, மாடிப்படி எங்கும் தகடு கட்டிய ஆர்க்கிட்டுகள். எட்டரை மணிக்கு ஏழு மொட்டும் ஒன்றாக விரிந்தன. கமலநாதன் கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்து, "எல்லைக்கு உள்ளே, ஐந்தாம் மாடி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாந்தமேரி நூறு, நூறு என்று அழுதாள், சிரித்தாள். நெடுஞ்சாலை வேறு பக்கம் போயிற்று.

இப்போது தபால்காரர் காட்டு அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுப் படியேறுகிறார். வந்த விருந்தாளிகளில் ஒருவர்கூடக் கிளம்புவதாகச் சொல்லவில்லை. தங்கமணி ஆன்டி தினமும் ஒரு டின் அரிசி கூடுதலாகக் களைகிறார்.