தொலையாத பஞ்ச்

பெரிய மாப்பிள்ளைக்குத் தன் சகலையைப் பிடிக்காமல் போனதற்குச் சகலை எந்தத் தப்பும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. குடிகாரனாக இருந்தால் திட்டலாம், சோம்பேறியாக இருந்தால் கேலி பேசலாம். இவனோ பழைய இரும்புக் கடையில் கார்களைப் பிரித்துப் போடும் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் மனைவிக்குத் துணி காயப்போட்டுக் கொடுத்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு திரிந்தான். அப்படிப்பட்டவனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க மனிதன் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

விஷயம் மாமியாரின் காரில் ஆரம்பித்தது. மாமியார் ஓய்வுபெற்ற நர்ஸ். ஓய்வு என்பது பேருக்குத்தான். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு வருவார். மொத்தம் பதினொரு வீடுகள். அந்தப் பழைய கார்தான் அவருக்குக் கால். ஒரு நாள் பாதி வழியில் என்ஜினுக்குள் ராட் ஒன்று உடைந்து, விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

பெரிய மாப்பிள்ளை சொந்தமாகப் பட்டறை நடத்துபவர். வந்தார், எட்டிப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது தேறாது அத்தை. எடைக்குப் போட்டுடுங்க."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. பக்கத்தில் நின்ற சின்ன மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "எங்க கடையில இதே வண்டி ரெண்டு கிடக்கு அத்தை. ஒண்ணு பின்னாடி இடிபட்டது, ஒண்ணு தண்ணியில மூழ்கினது. மூணையும் பிரிச்சு ஒண்ணு தேத்த முடியுமானு பார்க்கட்டுமா?"

அன்றிலிருந்து பெரிய மாப்பிள்ளையின் வீட்டில் சாப்பாட்டு நேரம் செய்தி நேரமாகிவிட்டது. அவர் மனைவி தட்டை வைத்துக்கொண்டே வாசிப்பாள்.

"அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. சின்னவர் என்ஜின் பிளாக் கொண்டுவந்துட்டாராம்."

"பிளாக்குன்னா என்ன, வெறும் இரும்பு."

"கிராங்கைக் கடைஞ்சு வாங்கியாச்சாம்."

"கடைஞ்சா ஆச்சா?"

"ஆகாதுதான். ஆனா உங்களுக்கு ஏன் சாப்பாடு தொண்டையில நிக்குது? தண்ணி குடிங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு செம்பை நகர்த்தினாள். அவர் குடித்தார். வயிற்றில் இருந்த நெருப்புக்கு அந்தத் தண்ணீர் போதவில்லை.

இந்த இடத்தில் ராடைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பிஸ்டனையும் அதன் கீழே சுழலும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கை அது. அதன் கீழ்முனை இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப்பாதி ஓர் அரைவட்ட மூடி. ராடையும் மூடியையும் சேர்த்து வைத்துத்தான் துளையைக் கடைவார்கள். அதனால் ஒன்றின் மூடி மற்றதற்கு ஒத்துவராது. பார்த்தால் என்ஜினின் நான்கு மூடிகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் கிராங்கை நெரித்துப் பிடித்து, சில மைல்களில் என்ஜினையே தின்றுவிடும்.

சின்ன மாப்பிள்ளை மாமியார் காரின் ராடுகள் இரண்டையும், மூழ்கின காரின் ராடுகள் இரண்டையும் எடுத்து வைத்திருந்தான். பழைய அடையாளங்கள் தேய்ந்து போயிருந்தன. பட்டறைக்கு வந்து, "அண்ணே, நம்பர் பஞ்ச் இருந்தா ஒரு நாளைக்குக் குடுங்களேன். மூடி மாறிடாம நம்பர் அடிச்சு வச்சுக்கிறேன்" என்று கேட்டான்.

"எங்கயோ தொலைஞ்சுபோச்சு தம்பி" என்றார் பெரிய மாப்பிள்ளை.

இரும்பில் எண்களைக் குத்திப் பதிக்கும் அந்தப் பஞ்ச் டப்பா அவர் காலடியில் இருந்த பைக்குள் இருந்தது. சின்னப் பொய்தான். பொறாமை எப்போதும் சின்னதாகத்தான் வாடகைக்கு வரும்.

அவன் ராடிலும் அதன் மூடியிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்ஜினைக் கோக்க நாள் குறித்திருந்தார்கள். பெரிய மாப்பிள்ளை போகக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் தான் போகாமலே அந்த என்ஜின் முழுதாகிவிடுமோ என்ற எண்ணம் அவரை உட்காரவிடவில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனார்.

"வாங்கண்ணே. நீங்க வந்துட்டீங்க, இனிமே எனக்குக் கவலை இல்ல. நான் பிஸ்டனுக்கு ரிங் மாட்டுறேன், நீங்க மூடியெல்லாம் கழுவித் தர்றீங்களா?"

கழுவுகிற வேலை! பதினெட்டு வருடம் பட்டறை நடத்தியவருக்கு! அவர் நான்கு மூடிகளையும் ஒரே தட்டில் போட்டுத் தின்னரை ஊற்றினார். தின்னர் பெயிண்டைக் கரைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? கை செய்தபோது மனம் வேறெங்கோ இருந்தது என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பாதிதான் உண்மை. வெளியே எடுத்தபோது நான்கும் பளபளவென்று இருந்தன. எண்களைக் காணோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சின்ன மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயிண்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. பெரிய மாப்பிள்ளை தூரிகையை எடுத்தார். வாய்க்கு வந்தபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழகாக எழுதிக் காயவைத்தார். ஓடட்டும், தட்டட்டும், அப்புறம் யாரிடம் வருகிறார்கள் என்று பார்ப்போம். நெஞ்சு குறுகுறுத்தது. அதை அவர் மதிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் பிஸ்டன்கள் இறங்கின. மூடிகள் ஏறின. சின்ன மாப்பிள்ளை போல்ட்டுகளை அளவாக முறுக்கிவிட்டு கிராங்கைச் சுற்றிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"அண்ணே, கொஞ்சம் டைட்டா இருக்கே?"

"புது பேரிங் அப்படித்தான் இருக்கும். ஆயில் ஏறினா சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி."

அவ்வளவுதான். சந்தேகம் ஒரு துளி இல்லை. சம்ப் என்கிற எண்ணெய்த் தொட்டியை எடுத்து என்ஜினின் அடிப்பக்கத்தை மூடப் போனவன் சட்டென்று நின்றான்.

"ஐயோ, மறந்தே போயிட்டேன். காலையிலேருந்து நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க."

ஓரத்தில் போர்த்தி வைத்திருந்த சாக்கை இழுத்தான். கீழே ஒரு கார் சீட். இடிபட்ட காரின் டிரைவர் சீட்டைக் கழுவி, இரும்புக் குழாயில் கால் வைத்து உயர்த்தி வெல்டு அடித்திருந்தான்.

"உங்க வலது முட்டி மடங்காதுல்ல. போன வாரம் நீங்க படியில உட்கார்ந்தப்போ உயரத்தைக் கண்ணாலயே அளந்துக்கிட்டேன். சரியா இருக்கா பாருங்க."

பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்தார். மிகச் சரியாக இருந்தது. முட்டி வலியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொந்தப் பட்டறையில்கூட யாரும் கவனித்ததில்லை. தன்னைக் குழியில் தள்ளப் பார்த்தவனுக்கு இவன் உட்கார இடம் செய்து வைத்திருக்கிறான். கடவுள் சில நேரம் கன்னத்தில் அறைய மாட்டார், இப்படி உட்காரவைத்துவிடுவார்.

சம்பின் முதல் போல்ட்டை அவன் கையில் எடுத்தான்.

"தம்பி, மூடாதே."

"ஏண்ணே?"

பெரிய மாப்பிள்ளை பைக்குள் கைவிட்டுத் தகர டப்பாவை எடுத்து மடியில் வைத்தார். சின்ன மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"கிடைச்சிடுச்சா?"

"தொலையவே இல்ல."

அவர் டப்பாவைத் திறந்து காட்டினார்.

"அந்த மூடி நம்பரும் உன்னோடது இல்ல. தின்னர்ல பெயிண்ட் போயிடுச்சு. நான் என் இஷ்டத்துக்கு எழுதி வச்சேன். டைட்டா இருக்கிறது பேரிங்கால இல்ல, என்னால."

சின்ன மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டான்.  அவனுக்கும் கோபம் வரும் என்பதைப் பெரிய மாப்பிள்ளை அன்றுதான் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அத்தை அந்த வண்டியில ஏறிப் போவாங்கண்ணே."

"தெரியும்."

"எதுக்குண்ணே இப்படி?"

"அத்தை என்னை விட்டுட்டு உன்கிட்ட குடுத்துட்டாங்க."

"உங்களைத்தானே முதல்ல கூப்பிட்டாங்க. நீங்கதானே எடைக்குப் போடச் சொன்னீங்க."

"அதையும் ஞாபகப்படுத்தாதே."

சின்ன மாப்பிள்ளையின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு வரும்போலிருந்தது, ஆனால் வரவில்லை. எழுந்து போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். "எது எதோடதுன்னு இப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ராடையெல்லாம் வெளியே எடுத்துக் குடு" என்றார் பெரிய மாப்பிள்ளை.

பேரிங்கை நீக்கிவிட்டு ஒவ்வொரு மூடியையும் ஒவ்வொரு ராடிலும் பொருத்தி, இரண்டும் சேரும் இடத்தின் மேல் உள்பக்கமாகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். சொந்த மூடி என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். அந்நியம் என்றால் மயிரிழை அளவு தடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு செய்தார். சந்தேகம் வந்த இடத்தில் சின்னவன் மைக்ரோமீட்டர் வைத்துச் சரிபார்த்தான். இரண்டு இடத்தில் மாறியிருந்தது. வெயில் ஷெட்டின் வாசலைத் தாண்டுவதற்குள் நான்கும் தத்தம் ஜோடியைச் சேர்ந்தன. பஞ்ச்சையும் சுத்தியலையும் அவனிடமே நீட்டினார். ராடிலும் மூடியிலுமாக எட்டு அடி. எந்தத் தின்னருக்கும் கரையாத எண்கள்.

மறுபடி கோத்ததும் கிராங்க் மிதமான கனத்தோடு, எங்கும் சிக்காமல் வழுக்கிச் சுழன்றது.

புதன்கிழமை கார் கிளம்பியது. மாமியார் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். "சின்ன மாப்பிள்ளை கையில என்னமோ இருக்கு" என்றார்.

பெரிய மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. போய்விட்டது என்று நினைத்த பழைய வாடகைக்காரன் உள்ளேதான் படுத்திருந்தான். ஆனால் இந்த முறை எழுந்து நிற்கவில்லை, புரண்டு படுத்தான்.

"அண்ணன் நகம் இல்லேன்னா இந்த வண்டி ஓடியிருக்காது அத்தை" என்றான் சின்ன மாப்பிள்ளை. வேறெதுவும் சொல்லவில்லை. மாமியார் ஒன்றும் புரியாமல் மூத்த மருமகனின் விரலைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளை கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மாமியார் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கார் முனை திரும்பியதும் பெரிய மாப்பிள்ளை தகர டப்பாவை நீட்டினார். "இதை நீயே வச்சுக்கோ."

"வேணாம்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும். வேணும்னா வந்து கேட்கிறேன்."

"கேளு. தர்றேன்."

"தேடிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றான் சகலை, பல் தெரிய.