சால்வென்ட்டின் வால்

திரையில் கோடு விறுவிறுவென்று மேலேறி உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. அப்படியே நேராகத் தரைக்கு வந்து சேர்ந்திருந்தால் அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்திருக்கும். பாதி வழியில் அதற்குச் சோம்பல் வந்துவிட்டது. கிளம்புகிறேன், கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நின்று பேசும் விருந்தாளியைப் போல இழுத்துக்கொண்டே போனது.

தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகம் அது. தண்ணீரில் கலந்திருப்பதைச் சால்வென்ட் என்னும் கரைப்பானில் இறக்கி, ஒரு சொட்டை ஊசியால் ஜி.சி. என்ற பிரிப்பு இயந்திரத்தில் ஏற்றுவாள். உள்ளே முடி கனத்தில் சுருண்டு கிடக்கும் நீளமான கண்ணாடிக் குழாய் ஒவ்வொரு பொருளையும் பிரித்து அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு முகடு, ஒரு பீக். முதலில் வரும் பெரிய மலை சால்வென்ட். அது தன் பாட்டுக்கு வந்து போய்விட வேண்டும். வாலை நீட்டினால் பின்னால் வரும் சின்னப் பீக்குகளெல்லாம் அதற்குள் மறைந்துபோகும். தேடுவதே அந்தச் சின்னவற்றைத்தான்.

"என்னக்கா, இன்னும் நாய் வாலை நிமித்திக்கிட்டுதான் இருக்கீங்களா?"

அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். ஆய்வகத்தில் அவளுக்கு வானொலி என்று பெயர். எந்தச் செய்தியும் அவள் காதில் விழுந்த பிறகு அணைவதில்லை.

"நிமிரும், நிமிரும். நீ உன் வேலையைப் பாரு."

செய்யாத வைத்தியமில்லை. ஊசி குத்தும் இடத்தின் ரப்பரை மாற்றினாள். அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் குழலை மாற்றினாள். வாயு கசிகிறதா என்று பார்த்தாள், சூட்டைக் கூட்டினாள், சொட்டைக் குறைத்தாள். ஒன்றை மட்டும் தொடவில்லை. அது அந்த முடிக்குழாயின் முனை. போன வாரம் அவளே வெட்டிப் பொருத்தியது. வெட்டு நேராக, சில்லு விடாமல் இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் சூட்டில் ஆவியான சொட்டு அதில் சிக்கிச் சிக்கித்தான் உள்ளே போகும். வெட்டியதும் லென்ஸில் பார்க்கச் சொல்வார்கள். லென்ஸ் இழுப்பறையில்தான் இருந்தது. "லென்ஸ் எதுக்கு? நானே லென்ஸ்தானே" என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்டவள் இப்போது அதை எடுத்தால், வெறும் வாயை மெல்லும் வானொலிக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

வானொலி கூட இரண்டாம் பட்சம்தான். வெட்டிய அன்று முனை அவளுக்கு மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஏறத்தாழ இதே வயதில். முதலில் ஊசியில் நூல் ஏறவில்லை. பிறகு பார்க்கும் எதற்கும் நடுவில் ஒரு புகைத்திட்டு வந்தது. எந்தக் கண்ணாடியும் அதைத் துடைக்கவில்லை. கடைசியில் அம்மா மகளின் முகத்தை விரலால் தடவித்தான் பார்த்தாள். அது தனக்கும் வந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக, முனையையும் பார்க்கவில்லை, கண் டாக்டரையும் பார்க்கவில்லை.

மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தவள் திகைத்தாள். டப்பாவுக்குப் பக்கத்தில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு மூக்குக் கண்ணாடி. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் பேப்பர் படிக்கப் போட்டுக்கொள்வது. உடைந்த காதை நீல நூலால் இறுக்கக் கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்து, ஊசியில் நூல் ஏறாமல், "நூலே மட்டம்" என்று அவள் விட்டெறிந்த அதே நூல். அதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கண் கலங்கியது.

வானொலி சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, இயந்திரத்தை ஆறவிட்டு, முடிக்குழாயைக் கழற்றினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முனையைக் கண்ணருகே கொண்டுவந்தாள்.

புகை இல்லை. முனை தெரிந்தது. எலி கடித்ததுபோல் ஓரத்தில் சில்லு பெயர்ந்து, கோணல்மாணலாக, அத்தனை அசிங்கமாக. தன் வேலையின் லட்சணத்தைப் பார்த்து அவளைப் போல் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். கீறி, ஒடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்தினாள். சோதனைக் கலவையை ஏற்றியதும் கோடு ஏறியது, இறங்கியது, தரையில் படுத்தது. கொஞ்ச தூரம் தள்ளி, அவளே கலந்துவைத்த சின்னப் பீக் தன்னந்தனியாக எழுந்து நின்றது.

"அக்கா! நிமிந்துடுச்சு!" திரும்பி வந்த வானொலி கத்தினாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "இது யாரு கண்ணாடி? பெருசா இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரோடது. எனக்குக் கிட்டத்துல இருக்கறது மங்கலாத் தெரியுது. போ, போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

வானொலி ஏனோ யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வெளியே வந்து கணவனுக்கு போன் போட்டாள்.

"கண்ணாடியை இங்க அனுப்பிட்டு பேப்பர் எப்படிப் படிச்சீங்க?"

"தலைப்பு மட்டும் படிச்சேன். மிச்சத்தை உன்கிட்டக் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

"அம்மாவுக்கு வந்த மாதிரி இருக்குமோன்னு பயமா இருந்துச்சுங்க. இப்பவும் இருக்கு."

"பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு நேரா வர்றேன். டாக்டர்கிட்டப் போலாம்."

கண் ஆஸ்பத்திரியில் கூட்டம். அவன் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு ஊக்கு, பொத்தானுக்குப் பதிலாக. "பொத்தான் எங்க?" என்றாள். மேல் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் கைப்பையைத் துழாவி ஊசியும் நூலும் எடுத்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். நூல் ஒரே குத்தில் ஏறியது.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டும். அசையாதீங்க, குத்திடும்."

உள்ளேயிருந்து நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். அவன் எழப் பார்த்தான். அவள் அவன் சட்டையை விடவில்லை. இன்னொரு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, அவன் நெஞ்சருகே குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.