உருளை சூடாகும் வரை

சலவைக்கூடத்து மேலாளருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் பொன்மொழி. மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் முதுகுக்குப் பின்னால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சிரித்த முகத்தோடு உயிரை வாங்குகிறவரை என்ன செய்வது?

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். மறுநாளே வாசலில் ஒரு வெள்ளைப் பலகை முளைத்தது. இனிமேல் தினமும் ஆறே முக்காலுக்கு எல்லாரும் அதன் முன்னால் வட்டமாக நிற்க வேண்டும். ஒருவர் காலைச் சிந்தனை சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். ஏழு மணிக்கு வழக்கம்போல வேலை.

"முதல்ல மனசு சூடாகணும். அப்பறந்தான் மெஷினு" என்றார்.

மற்றவர்களுக்கு அதில் போனது கால்மணி நேரம். நெட்டைக்குப் போனது இருபது நிமிடம். அவளோடு ஜோடி சேர்ந்து விரிப்பு மடிக்கிறவர்கள் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. ஆறு இருபத்தைந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள், கூட்டத்துக்காக ஆறு ஐந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நடுவில் போன அந்த இருபது நிமிடம்தான் மகளுக்குத் தலை பின்னுகிற நேரம்.

சாயங்காலம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் பிள்ளை வளர்க்காதவர்கள். சாயங்காலம் வீட்டுப்பாடம், அடுப்பு, கணவன் வேலைக்குக் கிளம்புகிற அவசரம். அவள் மகள் எட்டு வயதிலேயே அழுத்தக்காரி. நேருக்கு நேர் கேட்டால் ஒரு வார்த்தை பெயராது. முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையை அம்மா கையில் கொடுத்துவிட்டால் மட்டும் வாய் தானாகத் திறக்கும். யார் பென்சிலை யார் எடுத்தார்கள், யாரோடு டூ, யாரோடு பழம், எந்த டீச்சர் அழுதார், எல்லாம் வகிடு எடுப்பதற்கும் ரிப்பன் கட்டுவதற்கும் நடுவில்தான் வெளியே வரும். அம்மாவுக்கு மகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

முதல் வாரம் பிள்ளையை முன்னதாகவே எழுப்பிப் பார்த்தாள். அது உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தது. வகுப்பிலும் தூங்குகிறாள் என்று டீச்சர் சீட்டு எழுதி அனுப்பியதும் அதை விட்டுவிட்டாள். இரவெல்லாம் பால்வண்டி ஓட்டிவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிற கணவன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். துடைப்பத்தைக் கட்டுகிற மாதிரி முடியை மொத்தமாக அள்ளி ஒரு கட்டுக் கட்டி அனுப்பினான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளுக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்காக. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை பாய்லர் நீராவியில் சூடாக இருபது நிமிடம் ஆகும். சூடாவதற்கு முன் துணியை விட்டால் ஈரத்தோடு வெளியே வரும், மடித்து வைத்தால் நாறும், வார்டிலிருந்து அப்படியே திரும்பி வரும். முன்பெல்லாம் பாய்லர் அண்ணன் ஆறு நாற்பதுக்கே பற்றவைத்துவிடுவார், ஏழு மணிக்கு உருளை தயாராக இருக்கும். இப்போது அவரும் வட்டத்தில் நிற்க வேண்டும். எரிகிற பாய்லரை விட்டு நகரக்கூடாது என்பது விதி. ஆகவே கூட்டம் முடிந்து ஏழு மணிக்குத்தான் பற்றவைப்பார். ஏழு இருபது வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உருளையைப் பார்த்து நிற்பார்கள். மனசைச் சூடாக்கப்போய் மெஷின் ஆறிக் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் முறை வந்தது. மற்றவர்கள் கழுகு, மலை என்று செல்போனில் வந்த தத்துவங்களை வாசித்து ஒப்பேற்றுவார்கள். பாய்லர் அண்ணன் தன் முறையின்போது "எல்லாரும் நல்லாருங்க" என்று மூன்று விநாடியில் முடித்துக்கொண்டார். நெட்டை எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை.

"எனக்குக் காலைல இருபது நிமிஷம் இருந்துச்சு சார்" என்று ஆரம்பித்தாள். "எம்பொண்ணுக்குத் தலை பின்னுற நேரம். அப்ப மட்டுந்தான் அவ என்கிட்ட மனசு விட்டுப் பேசுவா. ரெண்டு மாசமா அது இல்ல. இங்க ஏழு மணிக்கு மேல உருளை சூடாகுற வரைக்கும் இருபது நிமிஷம் சும்மாத்தான் நிக்கிறோம். அந்த நேரத்துல, பாய்லர் பக்கத்துலயே நின்னு கூட்டத்த வெச்சுக்கலாம். அண்ணனும் அங்கயே இருப்பாரு. என் இருபது நிமிஷம் எனக்குத் திரும்பக் கெடச்சிரும். அவ்வளவுதான் சார்."

பொன்மொழியின் கண்கள் கலங்கியிருந்தன. நெட்டைக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"இதுதாம்மா சிந்தனை" என்றார் அவர். "இத்தன நாள்ல உள்ளேர்ந்து வந்தது இது ஒண்ணுதான்."

பேனாவை எடுத்துப் பலகையில் எழுதினார்: 'தாய் தரும் இருபது நிமிடமே குழந்தையின் உலகம்.' படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மத்தியானத்துக்குள் எங்கெங்கோ இருக்கிற அதிகாரிகளெல்லாம் கைகூப்புகிற படம் அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் அறைக்குப் போனாள். "அப்ப நாளைலேர்ந்து ஏழு மணிக்கா சார்?"

"எது?"

"கூட்டம்."

"அதெல்லாம் மேல கேட்டுத்தாம்மா பண்ணணும், பாக்கலாம். வர்ற வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ் மேடம் வர்றாங்க. நீ இதையே அவங்க முன்னாடி சொல்லணும். அன்னைக்கு மட்டும் ஆறரைக்கு வந்துரு, ஒருதடவ சொல்லிப் பாத்துக்குவோம்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பாய்லர் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"நீ சொன்னது எங்க எல்லாருக்கும் புரிஞ்சுச்சும்மா" என்றார். "அவருக்குப் புடிச்சுப்போச்சு. அதான் வம்பு."

வெள்ளிக்கிழமை நெட்டை ஆறு ஐந்து பஸ்ஸுக்குப் போகவில்லை. ஆறரைக்கும் போவதில்லை, ஆறே முக்காலுக்கும் போவதில்லை, ஏழு மணிக்குப் போனால் போதும், மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும் என்று முடிவு செய்திருந்தாள். சீப்பு, எண்ணெய்க் கிண்ணம், கழுவிக் காயவைத்த ரிப்பன் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள்போல மனசு படபடத்தது.

மகள் ஆறு மணிக்கு எழுந்து கண்ணைக் கசக்கினாள். "நீ போகல?"

"இன்னைக்கு லேட்டாத்தான் போவேன். வா, வந்து உக்காரு."

"எதுக்கு?"

"தலை பின்ன."

"நானே பின்னிக்குவேன்மா."

அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "உனக்குத் தெரியாதா? ரெண்டு வாரமா அவளேதான் பின்னிக்கிறா. நான் கட்டுனா பிள்ளைங்க சிரிக்குதுங்களாம்."

சாயங்காலம் பிள்ளையின் பின்னலைப் பார்த்தபோதெல்லாம், பரவாயில்லை, இவன் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மகள் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டாள். வகிடு கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் கோணல்தான், அப்படியே விட்டுவிட்டு முடியை மூன்றாகப் பிரித்தாள். உதவிக்குக் கூப்பிடவில்லை.

மேஜை மேல் செல்போன் அடித்தது. பொன்மொழி. அது அடித்து ஓய்கிற வரைக்கும் அவள் எடுக்கவில்லை. அந்த மனிதர் மேல் வந்த கோபம் போதாமல் பஸ் மேல் வந்தது, கணவன் மேல் வந்தது, ஒன்றும் அறியாத பிள்ளை மேல்கூட ஒரு கணம் வந்தது.

"ஸ்கூல்ல என்னடி நடக்குது?" என்று கேட்டாள்.

"ம்" என்றாள் மகள். ரிப்பனைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தாள்.

பஸ்ஸுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நெட்டை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.