வடைக்கடைக்கு இரண்டு சம்மன்

மலேசியாவில் லிங்கி ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, குமுதவல்லி வீட்டுக்குப் போகும் அரைமைல் செம்மண் ரோடு இரண்டு நகராண்மைக் கழகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. குழியை மூடச் சொல்லிப் போனால் இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கைகாட்டும். அங்கே போனால் இங்கே கைகாட்டும். பதினோரு தடவை அலைந்துவிட்டாள்.

அவள் ஒன்றும் அழகுக்காக ரோடு கேட்கவில்லை. புருஷன் சன்னாசிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப் போகும் வேன் குழிக்குப் பயந்து மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். சோர்ந்த மனுஷனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஓட்டியதில் இரண்டு தடவை இருவரும் சேற்றில் விழுந்தார்கள். இரண்டாம் தடவை, இனி நான் எங்கேயும் வரவில்லை என்று சன்னாசி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் குமுதவல்லி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்த கையோடு ஒரு யோசனையும் வந்தது.

மறுவாரமே ஆகப் பெரிய குழிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, குடை விரித்து, வடை சுட ஆரம்பித்தாள்.

"லைசென்ஸ் இல்லாம சுடுறியே, பிடிச்சிருவான்லா!" என்று பதறினார் சன்னாசி.

"பிடிக்கட்டும்னுதான் சுடுறேன். நீங்க சும்மா இருங்க."

பதினோரு தடவை சொல்லியும் கண்ணில் படாத ரோடு, வடை வாசனைக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு கழகத்து அதிகாரி ஃபௌசி வந்தார். அவர் சம்மன் எழுதும்போதே அடுத்த கழகத்துக் குணாளன் வந்து இறங்கினார். எங்கள் இடம் என்றார் இவர். இல்லை, எங்கள் இடம் என்றார் அவர். ஆளுக்கொரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு மலாயில் பிடித்தார்கள் சண்டை! குமுதவல்லிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"சண்டை வேணாம் ஐயா. ரெண்டு பேருமே எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தார்கள், மகராசர்கள்.

இரண்டு சம்மனும் ஒரே நாளில் கோர்ட்டுக்கு வந்தன. மாஜிஸ்திரேட் ஓர் அம்மா; மலாயில் 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டு முடிக்கவில்லை.

"சந்தோஷமா ஒத்துக்கிறேன் புவான்! ஆனா ஒரு கடைக்கு ரெண்டு சம்மன் வந்திருக்கு. யாரு ரோட்டுல கடை போட்டேன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. குழிய மூடச் சொல்லி அவங்களத்தான் பிடிச்சுக்குவேன்."

ஃபௌசி துள்ளி எழுந்து சம்மனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குணாளனும் எழுந்தார். ஆனால் ஃபௌசியை மடக்குவதற்காக அவர் ஏற்கெனவே கோர்ட்டில் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார். அரைமைல் ரோட்டுக்கும் சிவப்புக் கோடு, ஆபீஸ் முத்திரை, கீழே அவருடைய கையெழுத்து. மாஜிஸ்திரேட் அதை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ரோடு உங்களுடையதுதானே?"

குணாளன் தன் கையெழுத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஆமா, புவான்."

குமுதவல்லி அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டு, வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் குணாளன் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். மூன்றாவது வாரம் தார் லோரி வந்தது.

குணாளன் எழுதிய சம்மனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக் குங்குமமும் வைத்தாள். புதன்கிழமை காலை வீட்டு வாசலிலேயே வேன் ஹாரன் அடித்தது. சன்னாசி வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் ஏறினார். செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.